தொண்டு செய்யலாம், திருத்தொண்டர் ஆகக் கூடாதா?

கோயிலைக் கூட்டிப் பெருக்குவது பெண்கள். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருவதும், நோயாளி வீடு தேடிப்போய் ஜெபிப்பதும், சாவு வீட்டில் அழுகிறவர்களைத் தேற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். பட்டம் என்று வந்தால் மட்டும் ‘நீ பெண்ணாயிற்றே’ என்கிறார்கள். வேலைக்கு வேண்டும், பதவிக்கு வேண்டாம் என்ற இந்தக் கணக்கு நமக்குப் பழகியதுதான். திருவிழாவில் பறையடிக்க நாம் வேண்டும். விழாக் கமிட்டியில் உட்கார நாம் வேண்டாம்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அதனால், பெண்கள் திருத்தொண்டர் ஆகலாமா என்ற கேள்வியை ரோமாபுரி விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

திருத்தொண்டர் என்பது குருவுக்கு முந்தைய படி. அவர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், மறையுரை ஆற்றலாம், திருமணம் நடத்தி வைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். திருப்பலி நிறைவேற்றவும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும் முடியாது. 1967-ல் போப் ஆறாம் பவுல், மணமான ஆண்களும் நிரந்தரத் திருத்தொண்டர் ஆக வழி திறந்தார். பெண்களுக்கு அந்த வழி திறக்கவில்லை.

இந்தப் பணி பிறந்த கதையைப் பாருங்கள். எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். முறையீடு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரம். திருத்தொண்டர் பணியின் தொடக்கம் இதுவே என்பது திருச்சபை மரபு. பந்தியில் நடந்த பாகுபாட்டைக் கேட்கப் பிறந்த பணி இது.

தமிழ் படிக்கும் மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் 16-ம் அதிகாரத்தில், கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளை ‘தியாகொனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் சபைப் பொறுப்பாளர்களைக் குறிப்பதும் அதே சொல்தான். பழைய தமிழ் வேதாகமத்தில் அவர்கள் ‘உதவிக்காரர்’, பெபேயாளோ ‘ஊழியக்காரி’. ஊழியக்காரன் என்பது பவுலும் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்தான், குறைவான சொல் இல்லை. ஆனால் மூலத்தில் ஒன்றாக இருந்த சொல் தமிழில் இரண்டானபோது, அந்தப் பெண்ணின் பொறுப்பு வாசகர் கண்ணுக்குப் படாமல் போனது.

கி.பி. 112 வாக்கில், பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைப் பற்றி அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அதில் சொல்கிறார். சபையார் அவர்களை அழைத்த பெயராக அவர் தரும் லத்தீன் சொல்லுக்குத் ‘தொண்டர்’ என்று பொருள். ஊருக்கு அடிமை, சபைக்குத் தொண்டர்! 451-ல் கூடிய கால்சிடோன் சங்கமோ, 40 வயதுக்குக் குறைந்த பெண்ணைத் திருத்தொண்டராக்கக் கூடாது என்று விதி செய்தது. பதவி இல்லாத இடத்தில் வயது வரம்பு எதற்கு?

எதிர்ப்பவர்கள் சொல்வதையும் கேட்போம். அந்தப் பெண்கள் பெற்றது ஆண்களுக்குரிய அதே பட்டம் இல்லை, பெண்களின் ஞானஸ்நானத்தில் உதவியவர்கள்தான் அவர்கள் என்கிறார்கள். இயேசு தேர்ந்த பன்னிருவரும் ஆண்கள் என்கிறார்கள். பன்னிருவரும் யூதர்களும்கூட. அதனால் தமிழர் குருவாகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லையே! போப் பிரான்சிஸ் 2016-லும் 2020-லும் இதை ஆராயக் குழுக்கள் அமைத்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். வானம் இடிந்து விழவில்லை.

பட்டம் கிடைத்தால் மட்டும் போதுமா? பட்டம் பெற்ற தலித் பெண்ணை எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள், அவர் கையால் ஆதிக்கச் சாதியார் நற்கருணை வாங்குகிறார்களா என்றும் கேட்க வேண்டும். பெண் என்று ஒரு கதவு, சாதி என்று ஒரு கதவு. ஒன்றை மட்டும் திறந்தால் அவள் வாசலிலேயே நிற்பாள்.

குரு எப்போதாவது வந்துபோகும் கிளைக் கிராமங்கள் நம்முடையவை. அங்கே செத்தவரின் பேர், ஊர், கஷ்டம் எல்லாம் தெரிந்தவள் தினமும் ஜெபம் சொல்லும் பெண். அடக்கத்தன்று அவள் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க, முன்பின் தெரியாத ஒருவர் வந்து சடங்கை முடிக்கிறார். அவள் ஏன் அதை நடத்தக் கூடாது? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் நம் பெண்கள் எழுந்து இதைக் கேட்கட்டும்.