பொம்மை போன இலக்கண நாடு

ஐந்து வயதுக் குழந்தை பேசுவதைக் கவனித்தால், இலக்கணத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே அதன் நாக்கில் இருப்பது தெரியும். எழுவாய்க்கு ஏற்ற வினையைச் சேர்க்கிறது. நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் பிரித்துச் சொல்கிறது. ‘ஆனால்’, ‘அதனால்’ போட்டு வாக்கியங்களைக் கோக்கிறது. பெயர்ச்சொல், வினைச்சொல், வேற்றுமை என்று வரையறைகள் பாடமாக வரும்போதுதான் மிரட்சி தொடங்குகிறது. தெரிந்த ஒன்றையே தெரியாத பெயர்களில் கேட்பதால் வரும் மிரட்சி அது. அதைப் போக்கக் கதையையும் படத்தையும் துணைக்கு அழைக்கும் வழக்கத்துக்கு இருநூறு வயது ஆகிறது.

லண்டன் பதிப்பாளர் ஜான் ஹாரிஸ் 1820களில் குழந்தைகளுக்காக வண்ணம் தீட்டிய சிறு நூல்களை வெளியிட்டார். ஒன்றில் சொல்வகைகள் கூட்டமாக உல்லாசப் பயணம் போகின்றன. இன்னொன்றில் நிறுத்தக்குறிகள் மனித உருவில் வருகின்றன. 1870களில் எம்.எல். நெஸ்பிட் எழுதிய ‘கிராமர்லேண்ட்’ கதையில் இலக்கணமே நீதிபதி, பெயர்ச்சொல் பணக்காரர். ஒன்பது சொல்வகைகளும் ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு வந்து, எந்தச் சொற்கள் தமக்குச் சொந்தம் என்று வாதாடுகின்றன. கதையோடு பயிற்சியும் உண்டு: சொற்களை அவற்றின் உரிமையாளர்களிடம் குழந்தைகளே சேர்த்துவிட வேண்டும்.

இந்த மரபில் வந்தவற்றுள் மிகத் துணிச்சலான நூல் பிரேசிலுடையது. 1934இல் மொண்டெய்ரு லொபாத்து எழுதிய ‘இலக்கண நாட்டில் எமிலியா’ என்ற போர்த்துகீசிய நூல் அது. லொபாத்து (1882–1948) சிறுவயதில் போர்த்துகீசிய மொழித் தேர்விலேயே தோற்றவர். பிற்காலத்தில் பிரேசில் குழந்தைகள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய மஞ்சள் மரங்கொத்திப் பண்ணைக் கதைகளை எழுதியவரும் அவரே. அந்தப் பண்ணையில் தோனா பென்டா என்ற பாட்டி, அவருடைய பேரப்பிள்ளைகள், வாயாடித் துணிப் பொம்மை எமிலியா, சோளக் கதிர்த் தக்கையில் செய்த பண்டிதர் விஸ்கொண்டே ஆகியோர் வாழ்கிறார்கள். சர்க்கஸிலிருந்து தப்பிவந்த ஒரு காண்டாமிருகமும் முந்தைய கதையொன்றில் வந்து சேர்ந்துவிடுகிறது.

விடுமுறையில் பாட்டி இலக்கணம் சொல்லித்தர, பேரன் சலித்துக்கொள்கிறான். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்கிறாள் எமிலியா. காண்டாமிருகத்தின் முதுகில் ஏறி எல்லோரும் புறப்படுகிறார்கள். அங்கே ஒவ்வொரு மொழியும் ஒரு நகரம். வழக்கில் உள்ள சொற்கள் நகரின் நடுவே நடமாடுகின்றன; வழக்கொழிந்த கிழட்டுச் சொற்கள் புறநகரில் காலம் தள்ளுகின்றன. எமிலியா பத்திரிகை நிருபர் வேடம் போட்டு ‘இருத்தல்’ வினையைப் பேட்டி எடுக்கப் போகிறாள். போர்த்துகீசிய மொழியில் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப ஆளே அடையாளம் தெரியாதபடி உருமாறும் வினை அது. அட்டவணையில் மனப்பாடம் செய்தால் தலைவலி தரும் அந்த வடிவங்கள், கதையில் ஒரு முதியவரின் குணமாகிவிடுகின்றன.

லொபாத்துவின் திறமை இங்கேதான் இருக்கிறது. விதியை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்தில் எத்தனை படம் போட்டாலும் அது பாடம்தான். ஒரு சொல்வகை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதே பாத்திரத்தின் குணமாகவும் கதையின் சிக்கலாகவும் ஆகும்போது, கதை நினைவில் நிற்க விதியும் கூடவே நிற்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1973இல் தொடங்கிய ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ கார்ட்டூன் பாடல்களும் இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் இணைப்புச் சொல்லைப் பற்றிய பாடலின் களம் ரயில் பெட்டிகளைக் கோக்கும் யார்டு.

எமிலியா விதிகளுக்குத் தலையாட்டுபவள் அல்ல. மொழிக் குற்றங்கள் அடைபட்டிருக்கும் சிறையில் புதுச்சொல்லாக்கமும் கைதியாக இருப்பதைக் கண்டு, அதை விடுவிக்கிறாள். எழுத்துக்கூட்டலோடும் மோதுகிறாள். இதன் பின்னணி அந்தக் காலத்துச் செய்திதான். ஒலிக்குத் தேவையில்லாத பழைய எழுத்துகளை நீக்கும் சீர்திருத்தத்துக்கு 1931இல் பிரேசிலும் போர்ச்சுகலும் உடன்பட்டன. இந்த நூல் வந்த 1934இலேயே பிரேசிலின் புதிய அரசியல் சட்டம் பழைய எழுத்துமுறைக்குத் திரும்பச் சொன்னது. எளிய முறை 1943இல்தான் நிலைபெற்றது. விதிகள் மனிதர் வகுத்தவை, காரணம் கேட்கலாம், மாற்றவும் செய்யலாம் என்பதைக் குழந்தைகளிடம் சொன்ன இலக்கண நூல்கள் அரிது. இதற்காகவே லொபாத்துவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

குறைகளும் உண்டு. சில இடங்களில் கதை ஒதுங்கிக்கொள்ள, பட்டியல் நீள்கிறது. பண்ணைக் கதைகளில் கறுப்பினச் சமையல்காரி சித்திரிக்கப்பட்ட விதம் இன்று பிரேசிலில் நியாயமான கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கிறது. நூலின் கலைச்சொற்கள் ஐந்தாறு வயதுக்கு அதிகம். சரளமாக வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கே அது ஏற்றது.

இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் படம் கூடுதல் சுமை தாங்க வேண்டும். லொபாத்து நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்த பெல்மோன்டே பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். ஒரே கோட்டில் ஒரு குணத்தைக் காட்டிவிடும் கலை இந்த வேலைக்கு மிகவும் பொருந்தும். படத்தில் ஒரு நாய் நின்றால் ஒருமை. அடுத்த பக்கத்தில் மூன்று நின்றால் குழந்தையே ‘நாய்கள்’ என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு ‘பன்மை’ என்ற பெயரைச் சொன்னால் போதும்.

இத்தகைய கதையை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. நெஸ்பிட்டின் கதையில் தனிப் பாத்திரமாக வரும் ‘a’, ‘the’ என்ற ஆங்கிலச் சார்புச் சொற்களுக்குத் தமிழில் வேலையே இல்லை. தமிழில் கதை எழுதுபவருக்குக் கிடைக்கும் சரக்கே வேறு. ‘நரி வந்தது’ என்று தொடங்கும் கதை, நரி பேச ஆரம்பித்ததும் ‘நரியார் வந்தார்’ என்று மாறுவது நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிறது. திணை மாற்றத்தைக் குழந்தை அங்கேயே கேட்டுவிடுகிறது. வேற்றுமை உருபு தனித்து நிற்காது. ஆகவே ‘கு’ என்ற குட்டிப் பாத்திரம் யார் கையையாவது பிடித்துக்கொண்டுதான் கதைக்குள் வர முடியும். ‘வீடு’ அதன் கையைப் பிடிக்க ‘வீட்டு’ என்று உடை மாற்ற வேண்டும், ‘மரம்’ ‘மரத்து’ என்று மாற வேண்டும். ‘தம்பி’க்கு அந்தச் சிரமம் இல்லை, உடுத்திய உடையோடே வந்து கைகொடுக்கலாம்.