ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

பிக்கப் வண்டியின் ஸ்டெப்னியைப் பார்க்க வேண்டுமானால் குனிந்துதான் ஆக வேண்டும். பின்பக்கத் தொட்டிக்கு அடியில், சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே, சங்கிலியில் மல்லாந்து தொங்கிக்கொண்டிருக்கும். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டையைக் கடக்கும் பொலிரோ பிக்கப், இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எதை எடுத்துக்கொண்டாலும் ஏற்பாடு இதுதான். தார்ச் சாலையில் பஞ்சரானால் கவலை இல்லை. ராடை நுழைத்துச் சுற்றினால் சங்கிலி இறங்கும். டயரை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பாலாற்று மணலிலோ ஜவ்வாது மலையின் சேற்றுத் தடத்திலோ வண்டி அச்சு வரை புதைந்து நிற்கும்போதுதான் சோதனை. டயர் இருக்கும், எடுக்க வழி இருக்காது.

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் மண்டிக்கும் ஆலைக்கும் நடையடிக்கும் வண்டிகளில் உப்புநீர் தொட்டியின் இடுக்கு வழியாகக் கீழே சொட்டும். நேர் கீழே இருப்பது ஸ்டெப்னியின் சங்கிலியும் அதன் சுழற்சிப் பெட்டியும். மாதக்கணக்கில் யாரும் தொடாத அந்தப் பெட்டி, தேவைப்படும் நாளில் துருவேறி இறுகிப்போயிருக்கும்.

பெரிய டயர் போட்டவர்களுக்கு வேறு சிக்கல். அடியில் விட்டிருக்கும் இடம் கம்பெனி கொடுத்த அளவுக்குத்தான். ஹைலக்ஸுக்கு வரும் 265/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 775 மில்லிமீட்டர். கரடுமுரடான பாதைக்காக அதைவிட இரண்டு அங்குலம் பெரிய டயர் மாட்டினால், ஸ்டெப்னி பழைய இடத்தில் உட்காராது. அப்போதுதான் வண்டிக்காரர் வெல்டிங் பட்டறையைத் தேடிப் போகிறார்.

பஞ்சர் ஒட்டும் கிட் இருந்தால் ஸ்டெப்னி எதற்கு என்று கேட்கலாம். மத்திய அரசு 2020இல் விதியைத் திருத்தி, டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. நகரத்துக்கு அது சரி. மலைத்தடத்தில் ஆணி குத்துவதைவிடக் கூர்மையான கல் டயரின் பக்கவாட்டைக் கிழிப்பதுதான் பெரிய ஆபத்து. பக்கவாட்டுக் கிழிசலை அந்தக் கிட்டால் அடைக்க முடியாது. மாற்று டயர் ஒன்றுதான் வழி.

ஜீப் காட்டிய வழி

மோட்டார் கார் வந்த புதிதில் மாற்றுச் சக்கரம் என்ற ஏற்பாடே கிடையாது. டயர் போனால் சாலையோரத்தில் உட்கார்ந்து அதே டயரைக் கழற்றி ஒட்ட வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ்தான் 1904இல் காற்றடைத்த மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்கத் தொடங்கினார். அதன் பிறகு எழுந்த கேள்விதான் அதை எங்கே மாட்டுவது என்பது.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் மாற்றுச் சக்கரம் பின்பக்கத் தகட்டில் இருந்தது. பின்னால் திறக்கும் கதவு அந்த வண்டிக்கு இல்லை என்பதால் இடைஞ்சலும் இல்லை. போர் முடிந்து, விவசாயிகளுக்காக சிஜே-2ஏ என்ற ஜீப் வந்தபோது, சரக்கு ஏற்ற வசதியாகப் பின்னால் கதவு வைத்தார்கள். உடனே சக்கரம் வண்டியின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது. பின்கதவும் ஸ்டெப்னியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் என்பது அன்றே தெரிந்துபோன விஷயம்.

பின்னால் வந்த வண்டிகள் கதவையே சக்கரம் தாங்கும்படி செய்தன. மாருதி ஜிப்ஸி அப்படித்தான். மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த எக்கோஸ்போர்ட்டும் அப்படித்தான். இரண்டிலும் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும். டயரின் எடையைக் கணக்கில் வைத்தே கீலும் தூணும் வடிவமைக்கப்பட்டவை. பிக்கப்பின் பின்கதவோ கீழ்நோக்கி மடங்குவது. அதில் டயரை மாட்டினால் கதவைத் திறக்கும்போதெல்லாம் 35 கிலோவையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஆகவே கையால் தாங்கி செய்ய நினைக்கும் பிக்கப்காரருக்கு இரண்டு வழிகள்தான் மிச்சம். பம்பரிலிருந்து கதவுபோல விலகும் ஒரு கை. அல்லது தொட்டிக்குள்ளேயே ஒரு சட்டம்.

விலகும் கையின் கணக்கு

பார்க்க மிடுக்காக இருப்பது முதல் வகை. கனமான இரும்பு பம்பர் செய்து, அதன் ஒரு மூலையில் கீல் நட்டு, டயரைச் சுமக்கும் கையைப் பூட்டி வைப்பார்கள். டயர் வெளியே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். பூட்டை விடுவித்துக் கையைத் தள்ளினால் பின்கதவைத் திறந்துகொள்ளலாம்.

எல்லாப் பாரமும் கீலில் இறங்குகிறது. 35 கிலோ டயர் கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீல் குழாயின் உயரம் 15 செ.மீ. என்றால், அதன் மேல் முனையும் கீழ் முனையும் ஆளுக்கு 140 கிலோ விசையை எதிரெதிர்த் திசையில் தாங்க வேண்டும். குழாயை 30 செ.மீ. ஆக்கினால் அது 70 கிலோவாகப் பாதியாகிவிடும். இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒரு குலுக்கலில் மூன்று மடங்கு ஆகலாம். வீட்டுக் கதவின் கீல் இதற்கு உதவாது என்பதால், விவரம் தெரிந்த பட்டறைக்காரர்கள் பழைய காரின் சக்கர ஹப்பையும் டேப்பர் பேரிங்கையும் கீலாக மாற்றுகிறார்கள். ஒரு காரையே தாங்கி ஓடிய பேரிங்குக்கு ஒரு டயர் சுமையே இல்லை. கிரீஸ் போட்டால் போதும். ஆட்டம் வந்தால் நட்டை முறுக்கி எடுத்துவிடலாம்.

பூட்டும் முக்கியம். மூடிய கை ரப்பர் கட்டையில் அழுந்தி நிற்க வேண்டும். ரப்பர் இல்லாமல் இரும்பும் இரும்பும் மோதினால் சில மாதங்களில் வெல்டிங் விரிசல் விடும். திறந்த கை சரிவில் தானாக மூடிக்கொள்ளாதபடி அதற்கும் ஒரு முளை வேண்டும். மலைப்பாதையில் இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டியில், முளை இல்லாத கை ஆளை அடித்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு விலை உண்டு. பம்பர், கை, டயர் எல்லாம் சேர்த்து 60 கிலோ கூடுதலாகப் பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது என்றால், 3.1 மீட்டர் அச்சு இடைவெளி உள்ள பிக்கப்பில் பின் அச்சு 87 கிலோ சுமக்கும். முன் அச்சில் 27 கிலோ குறையும். நெம்புகோல் தத்துவம்தான். அடியில் தொங்கும் டயரும் பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே தள்ளி, தாழ்வாக இருக்கிறது. உயரத்திலும் தொலைவிலும் போகப் போக வண்டியின் நடை மாறும். தொட்டியில் சரக்கும் ஏற்றி, மலையேறும்போது முன் சக்கரம் லேசாவதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம்.

தொட்டிக்குள் ஒரு சட்டம்

இரண்டாவது வகை எளிது. கேபினுக்குப் பின்னால், தொட்டியின் ஓர் ஓரத்தில், டயரை நிற்க வைக்கும் சட்டம். 265 என்ற எண்ணே டயரின் அகலம் மில்லிமீட்டரில். ஆகவே தொட்டியில் ஏறக்குறைய 27 செ.மீ. அகலம் போகும். சரக்கு ஏற்றுபவருக்கு அது நஷ்டம்தான். பதிலுக்கு, எடை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வந்துவிடுகிறது. பின்கதவு, விளக்கு, ரிவர்ஸ் கேமரா எதையும் மறைப்பதில்லை.

50க்கு 50, 3 மில்லிமீட்டர் கனமுள்ள சதுர பைப் இதற்குப் போதும். மீட்டருக்கு நாலேகால் கிலோ வரும். மூன்று மீட்டரில் ஒரு சட்டம் ஆகிவிடும். கறுப்பு பைப் வாங்குவது நல்லது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டு செய்தால் வரும் புகை வெல்டருக்குக் காய்ச்சல் தரும். வெல்டு போடும் இடத்தில் துருவையும் பெயிண்டையும் கிரைண்டரால் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் உருகிய இரும்பு மேலே அழகாகப் படியும், உள்ளே பிடிக்காது. தூணும் அடிப்பட்டையும் சேரும் மூலைகளில் முக்கோணத் தகடு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். டயரைப் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் தகட்டில், வண்டியின் சக்கர போல்ட் துளைகளின் இடைவெளிக்கே துளை போட்டு, அதே வகை கூம்பு நட்டில் இறுக்க வேண்டும். டயர் சட்டத்தில் நன்றாக அழுந்தி நிற்கவில்லை என்றால், ஆடி ஆடியே ஸ்டட் அறுந்துவிடும்.

பலரும் கோட்டை விடும் இடம் தொட்டியின் தரை. 8.8 தரத்து எம்12 போல்ட் ஒன்று நாலரை டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும். ஆனால் தொட்டித் தகடு மெல்லியது. போல்ட் அறுவதற்கு முன்பே தகடு கிழிந்துவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். 35 கிலோ டயருக்கு அது 700 கிலோ. அது பாயும் திசையில் இருப்பது கேபினின் பின் கண்ணாடி. அதற்கு அப்பால் பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் தலை. அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் 5 மில்லிமீட்டர் தகடு கொடுத்து இறுக்க வேண்டும். தொட்டி சேஸிஸோடு சேரும் இடங்களை ஒட்டிப் பிடித்தால் இன்னும் நல்லது.

சேஸிஸில் நேரடியாக வெல்டு போடக் கூடாது. சூடு பட்ட இடத்தில் சட்டத்தின் வலு மாறிவிடும். சட்டம் முழுவதையும் வெளியே வைத்து வெல்டு செய்து, பிறகு போல்ட்டில் மாட்டுவதே முறை. வண்டியில் வைத்து ஒரு பொட்டு வெல்டாவது போட வேண்டியிருந்தால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகலாம். போட்ட துளைகளின் ஓரத்துக்கு ரெட் ஆக்சைடு பூசுவதும், பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடுவதும் சின்ன வேலைகள்தான். உப்புத்தோல் ஏற்றும் வண்டியில் சட்டத்தின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

இந்த வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும், அதற்கு உருப்படிகள் செய்து தரும் சிறு ஆலைகளும் இருப்பதால், வரைபடம் பார்த்து வெல்டு போடத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். டயருக்கும் குறைவில்லை, அதே மாவட்டத்தில் அரக்கோணத்தை ஒட்டிய இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. பட்டறையில் இல்லாத ஒன்று சோதனைத் தடம். பக்கத்துச் செய்யாறில் மஹிந்திரா வைத்திருப்பதுபோன்ற தடங்களில் கம்பெனி வண்டிகளைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுகிறார்கள். பட்டறையில் செய்த தாங்கிக்கு முதல் சோதனையே நம் சாலைதான். முதல் நூறு கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும், ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பின்னும் வெல்டிங்கில் விரிசல் தேடுவதும் அதனால்தான் அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. கம்பெனி பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் காப்புகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் விலகும் கை வகைக்கு இடைஞ்சல் அதிகம். கம்பெனி பம்பர் போய்விடுகிறது. வண்டியின் நீளம் கூடுகிறது. டயர் பின்விளக்கையோ நம்பர் பிளேட்டையோ மறைக்கலாம்; பின் நம்பர் பிளேட் இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி ஒளியூட்டப்பட வேண்டும் என்பது விதி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் இந்தக் கூடுதல் இரும்பைப் பற்றித்தான் இருக்கும். தொட்டிக்குள் நட்டு போல்ட்டில் மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கும் சட்டம் இவற்றில் எதையும் தொடுவதில்லை. என்றாலும் வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பந்தயத் தடத்துக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் மட்டுமே வண்டி வைத்திருப்பவர் விலகும் கையைச் செய்து பார்க்கலாம். நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் பிக்கப்புக்கு ஸ்டெப்னியின் இடம் தொட்டிக்குள்தான். அதற்கும் முன்பே, செலவில்லாமல் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அடியில் தொங்கும் டயரை ஒருமுறை கீழே இறக்கி, சங்கிலிக்கு கிரீஸ் தடவி, காற்றைச் சரிபார்த்து மீண்டும் ஏற்றிவிடுங்கள்.