கணக்கு அங்கே, கண் இங்கே

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் திறந்துவைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்! இப்படிப்பட்ட இயந்திரத்தைப் பயன்படுத்த அது இருக்கும் அறைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு லாகின் கணக்கும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். அந்த இணைப்பு பல மாணவர்களுக்குச் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படிப் பாயும், பாலத்தின் எந்த இடத்தில் விரிசல் விழும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்பவை அன்சிஸ், அபாகஸ், ஓப்பன்ஃபோம் போன்ற சிமுலேஷன் மென்பொருள்கள். கல்லூரி லேபில் மவுஸால் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகியவர்கள், அதே திரையைத் தொலைவிலிருந்து திறக்கும்போது திண்டாடிப்போகிறார்கள். மவுஸை அசைத்துச் சில நொடி கழித்துத்தான் மாடல் திரும்புகிறது. 'நெட் ஸ்பீடு பத்தல' என்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி, தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் ஏறக்குறைய அரை நொடி. எவ்வளவு காசு கொடுத்து எந்த டேட்டா பிளான் போட்டாலும் இது குறையாது.

லினக்ஸ் சர்வரில் ஓடும் மென்பொருளின் ஜன்னலை நம் திரைக்கு இழுத்துவரும் எக்ஸ் விண்டோ முறை 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. வளாகத்துக்குள் ஓடும் வேகமான நெட்வொர்க்கில் வளர்ந்த முறை அது. ஒரு ஜன்னலைத் திறக்கவே நம் கணினியிடம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளை அனுப்பும். பலவற்றுக்குப் பதில் வரும்வரை காத்திருக்கும். கடிதத்தில் ஒரு வரி எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்த வரியை எழுதுவது போல. போய்வர 100 மில்லிநொடி ஆகும் இணைப்பில் 200 கேள்விகள் என்றால் காத்திருப்பு மட்டும் 20 நொடி.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவான வி.என்.சி. வேறு வழியில் போகிறது. படத்தை அங்கேயே வரைந்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. விர்ச்சுவல்ஜிஎல், டர்போவிஎன்சி என்ற இரண்டு மென்பொருள்களையும் சேர்த்துக்கொண்டால் முப்பரிமாணப் படத்தை சர்வரின் கிராஃபிக்ஸ் கார்டே வரைந்து, சுருக்கி அனுப்பிவிடும். சுருக்காத ஒரு முழு எச்டி திரை கிட்டத்தட்ட 5 கோடி பிட். 2 மெகாபிட் இணைப்பில் அது வந்துசேர 25 நொடி பிடிக்கும். அதனால் படத்தின் தரத்தையும் திரையின் அளவையும் தயங்காமல் குறைக்கலாம். முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது: மாடலைத் திருப்பும்போது மங்கலான படம், கையை எடுத்ததும் தெளிவான படம்.

இவையெல்லாம் உதவும். ஆனாலும் மெதுவான இணைப்பில் திரையையே தேடாமல் இருப்பதுதான் நல்லது என்பேன். ஓப்பன்ஃபோம் அடிப்படையிலேயே கட்டளை வரியில் ஓடுவது. அன்சிஸ் ஃப்ளூயன்டுக்குக் கட்டளைகளை ஜர்னல் ஃபைலாக எழுதிக் கொடுத்தால், ஜன்னல் எதுவும் திறக்காமலே கணக்கை முடிக்கும். அபாகஸுக்கு மாடலை விவரிக்கும் ஐஎன்பி ஃபைல் போதும். சர்வரில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்மிடம் வேலையைச் சமர்ப்பித்துவிட்டால் நம் லேப்டாப் அணைந்தாலும் அது ஓடும். நடுராத்திரியில் லாக் ஃபைலின் கடைசி இருபது வரிகளைப் பார்த்தாலே ரெசிடுவல் (கணக்கில் இன்னும் மிஞ்சியிருக்கும் பிழை) இறங்குகிறதா, எகிறுகிறதா என்று தெரிந்துவிடும். எகிறினால் அப்போதே நிறுத்தலாம். இதற்கு டூஜி சிக்னல்கூடப் போதும்.

முடிவுகளை முழுசாக இறக்க நினைப்பதுதான் பெரிய இழப்பு. 5 ஜிபி ஃபைல் 2 மெகாபிட் இணைப்பில் வர ஐந்தரை மணி நேரம் ஆகும். எந்தப் புள்ளியில் அழுத்தம் வேண்டும், எந்தக் குறுக்குவெட்டின் படம் வேண்டும், இழுவை விசை எத்தனை படிக்கு ஒருமுறை பதிவாக வேண்டும் என்று முன்பே எழுதிவைத்தால், திரும்பி வருவது சில நூறு கிலோபைட்தான். அப்படி எழுத உட்காரும் மாணவருக்கு, தான் எதைத் தேடுகிறோம் என்பது ஓட்டுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். வண்ணப் படத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தெளிவு வருவதில்லை.

நம் பொறியியல் கல்லூரிகளின் சிமுலேஷன் லேப்களில் எந்தப் பட்டனை அமுக்குவது என்பதே பெரும்பாலும் பாடமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளை அதை வைத்தே சமாளித்துவிடும். சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறும் பிள்ளையால் முடியாது. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் நுழைவது, இணைப்பு அறுந்தாலும் வேலை சாகாதபடி டிமக்ஸுக்குள் ஓட்டுவது, ஸ்லர்முக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவது, பாதியில் நின்ற ஃபைலை ஆர்சிங்க் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது — இவற்றை முதல் செமஸ்டர் லேபிலேயே ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.