காவல்துறையினர் சொத்தைக் கைப்பற்றுதல் (இந்தியா)

காவல்துறையினர் சொத்தைக் கைப்பற்றுதல் என்பது குற்றத்துடன் தொடர்புடையதாக ஐயுறப்படும் தனியார் பொருளைக் காவல்துறை அலுவலர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகும். இதனால் பொருளின் உரிமை மாறுவதில்லை. உரிமை பறிக்கப்பட்டுப் பொருள் அரசைச் சேர்வது பறிமுதல் எனப்படும். பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகக் கூறப்பட்டாலும் சட்டத்தில் இவை வெவ்வேறானவை.

சட்ட அடிப்படை

குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973-இன் 102ஆம் பிரிவு இவ்வதிகாரத்தை அளித்தது. 2024 சூலை 1 முதல் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவில் இது 106ஆம் பிரிவாக உள்ளது. கைப்பற்றிய செய்தியை நீதித்துறை நடுவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கைப்பற்றும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்யவேண்டும் என 105ஆம் பிரிவு கூறுகிறது.

வங்கிக் கணக்கும் இவ்வதிகாரத்துக்கு உட்பட்டது என 1999இலும், நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துகள் உட்படா என 2019இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொருளைத் திரும்பப் பெறுதல்

எடுத்துக்காட்டாக, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரிடம் திருடப்பட்ட பட்டுச் சேலைகளைக் காவல்துறையினர் மீட்டதாகக் கொள்வோம். அவை வழக்கின் சான்றுப் பொருட்களாகும். வழக்கு முடியும்வரை பல ஆண்டுகள் மடித்தே வைத்திருந்தால் மடிப்பில் பட்டு நைந்து, வெள்ளிச் சரிகை கறுத்துவிடும். உரிமை நெசவாளருடையதாகவே இருந்தும் பொருளின் மதிப்பு அழிந்துவிடும்.

இத்தகைய இழப்பைத் தடுப்பதில் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குசராத்து மாநிலம் (2002) என்ற வழக்கின் தீர்ப்பு முதன்மையானது. காவல் நிலையங்களில் இருந்த வழக்குப் பொருட்கள் மாற்றி வைக்கப்பட்டதாகக் காவலர்கள் மீதே எழுந்த குற்றச்சாட்டிலிருந்து இவ்வழக்கு தோன்றியது. பொருட்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், விவரப் பட்டியலும் ஒளிப்படமும் எடுத்து, பிணைமுறி பெற்றுக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. தற்போது 497ஆம் பிரிவு, நீதிமன்றத்தில் ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பட்டியல் தயாரித்து, அடுத்த 30 நாட்களுக்குள் பொருளைப் பற்றி ஆணையிடுமாறு கூறுகிறது. இதற்காக உரிமையாளர் நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம்.

பறிமுதல்

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, மது கடத்தப் பயன்பட்ட வாகனத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு மட்டுமன்றி அலுவலர்களுக்கும் அளிக்கிறது. குற்றத்தின் மூலம் ஈட்டிய சொத்தை முடக்கிப் பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்க 107ஆம் பிரிவு வழிசெய்கிறது. உரிமை கோருவோர் இல்லையெனில் அது அரசைச் சேரும்.

ஐக்கிய அமெரிக்காவில் உள்ள உரிமையியல் பறிமுதல் முறையில் வழக்கு பொருளின் மீதே தொடரப்படுகிறது. எனவே உரிமையாளர் தண்டிக்கப்படாமலேயே பொருளை இழக்க நேரிடலாம்.