நாய்களில் அவசர நோய் அறிகுறிகள்

நாய்களில் அவசர நோய் அறிகுறிகள் என்பவை, ஒரு நாயை மறுநாள் வரை வைத்திருந்து பார்க்காமல் உடனடியாகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதைக் காட்டும் உடல் மற்றும் நடத்தை மாற்றங்கள் ஆகும். நாய் தன் நோவைச் சொல்ல இயலாது. வலியை மறைக்கும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே வளர்ப்பவர் முதலில் காண்பது பெரும்பாலும் நோயை அன்று, வழக்கமான நடத்தையிலிருந்து ஏற்படும் விலகலையே. அவ்விலகல் எவ்வளவு ஆரவாரமானது என்பதைக் கொண்டு அதன் அவசரத்தை அளவிட முடியாது. பெருஞ்சத்தத்தோடு வரும் சில அறிகுறிகள் தீங்கற்றவை. உணவை மறுத்து மூலையில் அமைதியாகப் படுத்துக்கொண்ட நாய் சில மணி நேரத்தில் இறந்துவிடவும் கூடும். மூச்சு, குருதியோட்டம், மூளையின் செயல், சிறுநீர்ப் போக்கு ஆகியவற்றுள் ஏதேனும் தடைப்பட்டுள்ளதா என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும்.

இயல்பு நிலை

விலகலை அறிவதற்கு இயல்பு தெரிந்திருக்க வேண்டும். நலமான நாயின் உடல் வெப்பநிலை, ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கும்போது, ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியசு வரை இருக்கும். மனிதருக்குக் காய்ச்சல் எனக் கருதப்படும் அளவு நாய்க்கு இயல்பானது. ஆகவே உடலைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது பயன் தராது. மூக்கு ஈரமாக உள்ளதா, உலர்ந்துள்ளதா என்பதும் நம்பத்தக்க சான்று அன்று. உறங்கும் நாய் நிமிடத்துக்கு 30 தடவைக்குக் குறைவாகவே மூச்சுவிடும். இதனை நாய் நலமாக இருக்கும் நாட்களில் ஓரிரு முறை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை ஈறுகளைப் பார்ப்பதாகும். மேலுதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெளுத்திருப்பது குருதியிழப்பையோ குருதியோட்டக் குறைவையோ காட்டுகிறது. நீலநிறம் உயிர்வளிக் குறைவையும், செங்கல் நிறம் வெப்பத்தாக்கு அல்லது குருதியில் பரவிய தொற்றையும், மஞ்சள் நிறம் கல்லீரல் கோளாறு அல்லது குருதிச் சிவப்பணுச் சிதைவையும் குறிக்கலாம். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

நடத்தையைக் கொண்டு வலியை அளவிடும் முறைகளும் உள்ளன. இசுக்காட்லாந்திலுள்ள கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோலின் சுருக்க வடிவம் 2007 இல் வெளியானது. நாய் முனகுகிறதா, புண்ணைத் திரும்பிப் பார்க்கிறதா, எழுந்து நடக்கத் தயங்குகிறதா, தொட்டால் எவ்வாறு எதிர்வினை செய்கிறது என்பன போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டு, 24 க்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநீக்கி தேவைப்படலாம் என்று அது கொள்கிறது. இது அறுவைக்குப் பின் மருத்துவமனையில் பயன்படுத்துவதற்கானது. எனினும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை வளர்ப்பவரும் இதிலிருந்து அறியலாம்.

அச்சுறுத்தினாலும் அவசரமில்லாதவை

நாய் கழுத்தை நீட்டி நின்று, மூக்கின் வழியே காற்றைக் குறட்டை போன்ற ஒலியுடன் உள்ளிழுப்பது பின்னோக்கித் தும்மல் எனப்படும். காண்பவர் மூச்சடைத்துவிட்டதாகவே எண்ணுவர். ஆனால் இது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே நின்றுவிடும். ஈறுகள் நிறம் மாறுவதில்லை.

முதிய நாய் ஒன்று திடீரெனத் தலையை ஒருபுறம் சாய்த்து, கண்கள் பக்கவாட்டில் துடிக்க, நடக்க முடியாமல் விழுவதும் உண்டு. இதனைப் பக்கவாதம் எனக் கருதிச் சிலர் கருணைக்கொலை வரை சிந்திக்கின்றனர். ஆனால் உட்செவியின் சமநிலை உறுப்பில் ஏற்படும் இக்கோளாறு, பல நாய்களில் சில நாட்களில் தணியத் தொடங்கி ஓரிரு வாரங்களில் பெருமளவு நீங்கிவிடுகிறது. மூளையில் கோளாறு இல்லை என்பதை உறுதிசெய்ய மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். நம்பிக்கை இழக்கத்தான் வேண்டியதில்லை.

கூப்பிட்டால் திரும்பிப் பாராத வெள்ளை நிற இராசபாளையம் நாய்க்குட்டி பெரும்பாலும் நோயுற்றதன்று. இவ்வினத்தில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயும் அச்சத்தால் நடுங்குவதே. சத்தம் ஓய்ந்து நெடுநேரம் ஆகியும் நடுக்கம் தீராவிடில்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இரைப்பை முறுக்கம்

அமைதியாகத் தொடங்கி விரைவில் உயிரைக் கொள்ளும் நிலைகளுள் இது முதன்மையானது. இரைப்பை காற்றினால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. இரு முனைகளும் அடைபடுவதால் காற்று வெளியேற வழியில்லை. உப்பிய இரைப்பை வயிற்றிலுள்ள பெரிய சிரைகளை அழுத்த, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து நாய் அதிர்ச்சி நிலையை அடைகிறது. கிரேட் டேன், செருமன் செப்பர்டு, டாபர்மேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களில் இது மிகுதி; எனினும் எந்த நாய்க்கும் வரலாம்.

முதல் அறிகுறி அமைதியின்மை. நாய் படுக்கும், எழும், மீண்டும் படுக்கும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். பின்னர் வாந்தி எடுக்க முயலும், ஆனால் நுரையும் எச்சிலும் தவிர ஒன்றும் வராது. வெறுமனே ஓங்கரிப்பதுதான் இங்கே உயிர்நாடியான அறிகுறி. வாந்தி எடுத்து முடித்த நாயைக் காலை வரை பார்க்கலாம்; எடுக்க முயன்று முடியாத பெரிய நாயை நள்ளிரவானாலும் கொண்டு செல்ல வேண்டும். வயிறு முரசு போல் உப்புவது ஆழ்ந்த மார்புடைய நாய்களில் விலா எலும்புகளுக்குள் மறைந்துவிடுவதால், அது தெரியும் வரை காத்திருப்பது தவறு. வீட்டு மருந்து எதுவும் இதற்கு இல்லை. காற்றை வெளியேற்றி, அறுவையால் இரைப்பையை நேராக்கி, மீண்டும் முறுக்காதவாறு வயிற்றுச் சுவரோடு தைப்பதே சிகிச்சை.

முன்கால்களை நீட்டித் தரையில் வைத்துப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும் நிலை விளையாட்டு அழைப்பும் ஆகும், வயிற்று வலியும் ஆகும். விளையாடும் நாய் வாலாட்டி அடுத்த நொடியே துள்ளிவிடும். வலியுள்ள நாய் அப்படியே நிற்கும்.

வெப்பத்தாக்கு

நாயின் பாதங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அது மூச்சிரைப்பதன் மூலமே உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களும், பருத்த நாய்களும், மூடிய வாகனத்துக்குள் விடப்பட்ட எந்த நாயும் எளிதில் இதற்கு உள்ளாகின்றன. நிற்காத மூச்சிரைப்பு, தடித்த எச்சில், செந்நிற ஈறு, தள்ளாட்டம், பின்னர் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் என இது வளர்கிறது. உடல் வெப்பநிலை 41 பாகையைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் ஆகியன பாதிக்கப்படலாம்.

இங்கு மட்டும் வரிசை மாறுகிறது: முதலில் குளிர்விப்பு, பிறகே பயணம். நிழலுக்குக் கொண்டுசென்று குழாய் நீரை உடல் முழுதும் ஊற்றி விசிறியடியில் வைக்க வேண்டும். ஈரத் துணியால் போர்த்துவது வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும். வெப்பநிலை 39.5 பாகை அளவுக்கு இறங்கியதும் நீரூற்றுவதை நிறுத்தலாம். எழுந்து நடந்துவிட்டது என்று மருத்துவரிடம் செல்வதைக் கைவிடலாகாது. உள்ளுறுப்புப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படும்.

வலிப்பு

ஓரிரு நிமிடங்களில் முடியும் ஒற்றை வலிப்பு பெரும்பாலும் உயிருக்கு உடனடி ஆபத்தன்று, மறுநாள் காட்டலாம். வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் வந்தாலோ, இடையில் நினைவு திரும்பாவிட்டாலோ அது அவசர நிலை. வலிப்பின்போது நாய் நாக்கை விழுங்கிவிடும் என்பது தவறான கருத்து. வாயில் கையை விடுபவர் கடிபடுவதே மிச்சம். நேரத்தைக் குறித்துக்கொள்வதும், செல்பேசியில் படம் எடுத்து வைப்பதும் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

குட்டி ஈன்ற சில வாரங்களில், குறிப்பாகப் பாமரேனியன் போன்ற சிறிய இனங்களில், குருதியில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து நடுக்கமும் விறைப்பும் தோன்றலாம். அமைதியற்று இரைத்தபடி, விறைத்த கால்களுடன் நடக்கும் பாலூட்டும் தாய்நாயை அன்றே கொண்டு செல்ல வேண்டும். சிரை வழியே கால்சியம் செலுத்தினால் சிறிது நேரத்திலேயே தெளிவு ஏற்படும்.

சிறுநீரும் கருப்பையும்

ஆண் நாய் மீண்டும் மீண்டும் காலைத் தூக்கியும் சிறுநீர் வராவிடில், அல்லது சொட்டாக மட்டும் வந்தால், கல் அடைத்திருக்கலாம். இதனை மலச்சிக்கல் என்று தவறாகக் கருதுவோர் உண்டு. அடைப்பு நீடித்தால் குருதியில் பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடக் கூடும்.

கருத்தடை செய்யாத பெண் நாய், பருவ காலம் முடிந்த ஒன்றிரண்டு மாதங்களுக்குள் சோர்ந்து மிகுதியாக நீர் குடித்தால், கருப்பையில் சீழ் கட்டியிருப்பதாக ஐயுற வேண்டும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே வராது. அதுவே கூடுதல் ஆபத்தானது. ஈனும் நாய் அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிடில் காத்திருத்தல் கூடாது.

நஞ்சும் கடியும்

எலி மருந்துகளில் இருவகை உண்டு. துத்தநாகப் பாசுபைடு இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து நச்சு வளியை உண்டாக்கிச் சில மணி நேரத்தில் கொல்லும். குருதி உறைவதைத் தடுக்கும் வகையோ இரண்டு முதல் ஐந்து நாட்கள் வரை ஒன்றும் காட்டாது. பிறகு நாய் திடீரெனச் சோர்ந்து, ஈறு வெளுத்து, உள்ளுக்குள் குருதி கசிந்து சாகும். தின்றது தெரிந்த அன்றே வைட்டமின் கே1 கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் பிழைக்கும். எனவே நாய் நன்றாக இருக்கிறது என்பது இங்கே ஆறுதலாகாது. மருந்து உறையைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

உண்ணி ஒழிக்கும் மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளும் மிகுந்தால் எச்சில் ஒழுகலும் தசைத் துடிப்பும் ஏற்படும். சாக்கலேட்டு, திராட்சை, வெங்காயம், சர்க்கரையற்ற இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியனவும் நாய்க்கு நஞ்சு. மனிதருக்கான ஐபுபுரொபேன், பாராசிட்டமால் மாத்திரைகளை அன்பினால் கொடுப்பது அடிக்கடி நிகழும் தீங்கு. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது, உப்பே நஞ்சாகும்.

பாம்புகள் நாயைப் பெரும்பாலும் முகத்திலோ முன்காலிலோ கடிக்கின்றன. கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கமும் குருதிக் கசிவும் தெரியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. பின்னங்கால் தள்ளாட்டமும் மூச்சுத் தளர்வும்தான் தெரியும். கட்டுப் போடாமல், கீறாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மனிதருக்கான பன்முக நச்சுமுறிவு மருந்தே நாய்க்கும் பயன்படுகிறது.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் குருதி கலந்த வயிற்றுப்போக்குமாக இருந்தால் பார்வோ நச்சுயிரி நோயாக இருக்கலாம். நீரிழப்பால் ஓரிரு நாட்களில் இறக்கும். உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா நோயில் மூக்கிலிருந்து குருதி வடிவதும், பேபீசியா நோயில் சிறுநீர் காப்பி நிறமாவதும் அன்றே காட்ட வேண்டியவை.

வெறிநோய்

மற்ற எல்லாவற்றிலும் கேள்வி நாயின் உயிரைப் பற்றியது. இங்கே அது மனித உயிரையும் பற்றியது. சாதுவான நாய் காரணமின்றிக் கடிப்பது, கூச்சமுள்ள நாய் திடீரென ஒட்டிக்கொள்வது, கல், மரம் போன்றவற்றைக் கடிப்பது, குரைப்பொலி மாறுவது ஆகியன வெறிநோயாக இருக்கலாம். ஆனால் எல்லா வெறிநோயும் வெறியோடு வருவதில்லை. வாத வகையில் நாய் இருட்டில் ஒதுங்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி வாய்க்குள் கைவிடுவது இவ்வாறுதான் நேர்கிறது. தடுப்பூசி போடாத நாய், அல்லது அண்மையில் வேறு நாயால் கடிபட்ட நாய், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கினால் வாயைத் தொடாமல், தனியறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய நாயும் நுரை தள்ளும். ஆனால் அது சில நிமிடங்களுக்குள் தொடங்கியது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

கடியோ கீறலோ எச்சிலோ பட்டவர், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைக் கொல்லும். வயிற்றில் 14 ஊசி போடும் முறை பழங்கதையாகிவிட்டது. 1907 இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாசுச்சர் நிறுவனம் ஒரு காலத்தில் அத்தகைய நரம்புத்திசுத் தடுப்பூசியைத் தயாரித்தது. இன்று தடுப்பூசி கையில் 4 அல்லது 5 தவணையாகப் போடப்படுகிறது. ஆழ்ந்த காயங்களுக்கு எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படுகிறது.

கடித்த நாயை அடித்துக் கொல்வது தவறான வழக்கம். கட்டி வைத்து 10 நாட்கள் கவனித்த பின்னும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நச்சுயிரி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் முதல் தடுப்பூசியை அந்த 10 நாட்கள் முடியும் வரை தள்ளிப்போடக் கூடாது.