விரல் பட்டதும் விழும் சாயல்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் அலைமோதும். அத்தனை பேர் கையிலும் செல்போன். அத்தனையும் அக்கம்பக்கத்து டவர்கள் சிலவற்றையே நம்பியிருக்கும். ஊர் திரும்ப பஸ் தேடி ஒரு லிங்க்கைத் தொட்டால், அடுத்த பக்கம் வர நேரம் பிடிக்கும். தொட்டது பட்டதா, இல்லையா? நெட்வொர்க்கின் தயவு இல்லாமலே இதற்குப் பதில் சொல்வது, தொட்ட லிங்க்கின் மேல் பிரவுசர் இடும், ஒரு கணம் விழுந்து மறையும் சாயல். பல தளங்கள் அழகு கருதி அதை அழித்துவிடுகின்றன. அழிக்கக் கூடாது என்பதே என் கட்சி.

மவுஸில் இந்தச் சிக்கல் இல்லை. அம்புக்குறி லிங்க்கின் மேல் வந்ததுமே கை வடிவமாகிவிடும். விரலுக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. போதாததற்கு, தொடும் இடத்தையே அது மறைத்துக்கொள்கிறது. 2007-ல் ஐபோனோடு வந்த சஃபாரி, பக்கத்தைப் பெரிதாக்க இன்னொரு முறை தட்டுவார்களோ என்று சுமார் 300 மில்லிவினாடி காத்திருந்தது. 100 மில்லிவினாடிக்குள் வரும் மறுமொழியைத்தான் மனம் 'உடனே' என்று ஏற்கும் என்பது 1968-ல் ராபர்ட் மில்லர் எழுதிய ஆய்வுரையிலிருந்து வழங்கிவரும் கணக்கு. செல்போனுக்கென அமைத்த பக்கங்களில் குரோம் 2014-லும் சஃபாரி 2016-லும் அந்தக் காத்திருப்பைக் கைவிட்டன. பிறகு சாயல் எதற்கு என்று கேட்கலாம். போனது பிரவுசரின் தாமதம்தான். நெரிசலில் சர்வரை எட்டும் தாமதம் அப்படியே இருக்கிறது.

சாயலை அழிக்க ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி போதும். வேறு விதமாக நாங்களே காட்டிக்கொள்கிறோம் என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். காட்டினால் நியாயம்தான். ஆனால் பிரவுசர் சாயல் இட்டதா என்று பக்கம் கேட்டறிய வழியில்லை. விரல் பட்டது, நகர்ந்தது, எடுக்கப்பட்டது என்ற தகவல்களைக் கொண்டு ஊகிக்க வேண்டும். இடறுவது இங்கேதான். பட்ட கணமே நிறம் மாற்றினால், ஸ்க்ரோல் செய்ய வைத்த விரலுக்கும் லிங்க் பளிச்சிடும். பக்கம் நகரத் தொடங்கியதும் பிரவுசர் அனுப்பும் 'ரத்து' அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டால், மாறிய நிறம் அப்படியே நின்று, தேர்ந்தெடுக்காததைத் தேர்ந்தெடுத்ததாகக் காட்டும்.

சாயல் தொட்டதைச் சொல்லுமே தவிர, வேலை முடிந்ததைச் சொல்லாது; அது பொய் நம்பிக்கை தராதா? இந்த ஆட்சேபம் வலுவானது. கார்த்திகையில் அதே திருவண்ணாமலையின் பரணி தீப, மகா தீப தரிசனச் சீட்டுகள் இணையத்தில் வரும்போது, சீட்டு குறைவு, அவசரம் அதிகம். இப்படிப்பட்ட இடங்களில் பணம் செலுத்தும் பட்டனை முதல் தொடலிலேயே முடக்கி, 'காத்திருக்கவும்' என்று எழுதிக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்யும் ஸ்கிரிப்ட் முதலில் வந்து சேர வேண்டும். பாதி இறங்கிய பக்கத்திலும் சாயல் விழும்.