எரிந்தும் உருமாறாத ஹோலோக்கோ

ஐரோப்பியச் சிற்றூர்கள் – 9

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போனால், செர்ஹாட் குன்றுகளின் மடிப்பில் ஹோலோக்கோ இருக்கிறது. நோகிராட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனாலும் 1987-இல் யுனெஸ்கோ புடாபெஸ்ட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தச் சிற்றூரையும் சேர்த்தது.

ஊருக்கு மேலே ஒரு கற்கோட்டை நிற்கிறது. 1241-42-இல் மங்கோலியப் படை ஹங்கேரியைச் சூறையாடியது. அந்த அழிவுக்குப் பிறகுதான் நாடெங்கும் குன்றுகளின் மேல் கற்கோட்டைகள் எழும்பின. ஹோலோக்கோ கோட்டையும் அந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கச்சிச் குலத்துப் பிரபு ஒருவன் அழகிய பெண்ணொருத்தியைக் கடத்திவந்து சிறைவைத்தான். அவளுடைய செவிலித்தாய் சாத்தானின் உதவியை நாட, அண்டங்காக்கைகள் இரவோடு இரவாகக் கோட்டைக் கற்களைக் கொத்திக்கொண்டு போய்விட்டனவாம். வரலாற்றின் அடி இதைவிடப் பலமானது. 1552-இல் துருக்கியர் கோட்டையைப் பிடித்தார்கள். அது கடைசியாக அவர்கள் கையைவிட்டுப் போனது 1683-இல். இன்று சீரமைக்கப்பட்ட அதன் மதிலில் ஏறினால் கீழே ஊர் முழுவதும் தெரிகிறது.

ஊர்மக்கள் பலோட்ஸ் எனப்படும் ஹங்கேரிய இனக்குழுவினர். பேச்சுவழக்கு, உடை, வீடு மூன்றிலும் இவர்களுக்குத் தனி அடையாளம் உண்டு. வீடுகள் தெருவுக்குக் குறுகிய முகத்தைக் காட்டி, பின்னோக்கி நீள்கின்றன. வெள்ளையடித்த சுவர், அதையொட்டி மரத்தூண்களும் செதுக்கிய கைப்பிடிகளும் கொண்ட தாழ்வாரம். தெருவின் நடுவே நிற்கும் 1889-ஆம் ஆண்டுத் தேவாலயமும் மரக்கோபுரத்தோடு, அந்த வீடுகளின் கைவேலையையே பின்பற்றுகிறது.

இந்த வீடுகள் எவ்வளவு பழையவை? பெரும்பாலானவை நூறாண்டைச் சற்றுத் தாண்டியவை, அவ்வளவே. மரமும் வைக்கோல் கூரையுமாக இருந்த ஊர் பலமுறை எரிந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தீ அபாயத்தைக் காட்டி மரவீடுகளுக்கு அரசாணையே தடை விதித்தது. ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசிப் பெருந்தீ 1909-இல் வந்தது. வீடுகள் சாம்பலான பிறகு புது மோஸ்தரில் கட்டிக்கொள்ள அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வைக்கோலுக்குப் பதில் ஓடு வேய்ந்தார்கள். வீட்டின் அமைப்பையோ தாழ்வாரத்தையோ தெருவின் போக்கையோ விட்டுக்கொடுக்கவில்லை.

ஹோலோக்கோவின் பெருமை இதுதான் என்று நான் நினைக்கிறேன். இங்கே காப்பாற்றப்பட்டது மரமல்ல, கட்டும் முறை. யுனெஸ்கோவும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றியுள்ள பட்டை பட்டையான வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், பழத்தோப்புகள், புல்வெளிகள், காடு ஆகியவற்றையும் சேர்த்தே காத்தது.

ஈஸ்டர் சமயத்தில் போனால் ஊரின் முழு உற்சாகத்தையும் காணலாம். ஈஸ்டர் திங்களன்று இளைஞர்கள் வாளி வாளியாகத் தண்ணீரைப் பெண்கள் மேல் ஊற்றுகிறார்கள். அடுக்கு மடிப்புப் பாவாடை அணிந்த பெண்கள் வண்ணம் தீட்டிய முட்டைகளைப் பரிசாகத் தருகிறார்கள்.

ஆனால் கவலையும் இருக்கிறது. வேலை தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பழைய வீடுகள் பலவும் அருங்காட்சியகங்களாக, கைவினைக் கூடங்களாக, விருந்தினர் விடுதிகளாக மாறியிருக்கின்றன. சுற்றுலாப் பணம் சுவருக்கு வெள்ளையடிக்கும். ஆனால் 1909-இல் இந்த ஊரை மீட்டவர்கள் அங்கேயே குடியிருந்தவர்கள். உலகப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டியவர்கள், அந்தக் குடும்பங்கள் அங்கேயே பிழைக்கவும் வழிசெய்ய வேண்டும்.